பேய்க் குறும்படம் பயமுறுத்தவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

படம் எடுத்தாகிவிட்டது, எடிட்டும் முடிந்துவிட்டது. போட்டுப் பார்த்தால் பயம் மட்டும் வரவில்லை. இந்த நிலையில் பெரும்பாலானவர்கள் முதலில் பின்னணி இசையின் சத்தத்தை ஏற்றுவார்கள். அதுவும் பலிக்காவிட்டால் படத்தை இன்னும் இருட்டாக்குவார்கள். இரண்டுமே அநேகமாக நிலைமையைக் கெடுக்கும். பேய்ப் படத்தில் கோளாறு தெரிகிற இடம் ஒன்று, இருக்கிற இடம் வேறு. பேய் தோன்றும் ஷாட்டில் யாரும் மிரளவில்லை என்றால் அந்த ஷாட்டையே கிளறிக்கொண்டிருக்காதீர்கள். அதற்கு முந்தைய இருபது, முப்பது நொடியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

கீழே ஒவ்வொரு அறிகுறியாக எடுத்துக்கொள்கிறேன். உங்கள் படத்துக்குப் பொருந்துவதை மட்டும் படித்தால் போதும். ஆனால் இந்த முதல் சோதனையைத் தாண்டிப் போக வேண்டாம்.

முதலில் ஒரு சோதனை

சத்தத்தை முழுதாக அணைத்துவிட்டுப் படத்தை ஒருமுறை ஓட்டுங்கள். பிறகு திரையை மூடிவிட்டு, சத்தத்தை மட்டும் கேளுங்கள்.

ஊமையாக ஓடும்போதும் ஓரிரு இடத்தில் வயிற்றைப் பிசைகிறது என்றால் கேமராவும் ஒளியும் வேலை செய்கின்றன, கோளாறு ஒலியில். கண்ணை மூடிக் கேட்கும்போது அறை எவ்வளவு பெரியது, கதாபாத்திரம் எந்தப் பக்கம் நடக்கிறது, கதவு எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று ஊகிக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் உங்கள் ஒலித்தடத்தில் இசை மட்டும்தான் இருக்கிறது, இடம் இல்லை. இடம் தெரியாமல் பயம் வராது. ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வரக்கூடும் என்று தெரிந்தால்தான் அந்தப் பக்கம் பார்க்கவே பயமாக இருக்கும்.

“இருட்டாகத்தான் இருக்கிறது, ஆனால் பயமாக இல்லை”

திரை முழுக்கக் கறுப்பாக இருந்தால் பார்ப்பவர் பயப்பட மாட்டார், ஃபோனில் பிரைட்னஸைக் கூட்டுவார். ஃப்ரேமில் ஏதாவது ஓரிடமாவது வெளிச்சமாக இருக்க வேண்டும். அது இருந்தால்தான் மற்ற இடம் இருட்டாகத் தெரியும். மேசை விளக்கு, ஜன்னல் வழி வரும் தெருவிளக்கின் கீற்று, பாதி திறந்த குளியலறைக் கதவு, எதுவானாலும் சரி. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பது பார்ப்பவருக்குப் புரிய வேண்டும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது முகத்தின் இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம். வெளிச்சப் பக்கமும் நிழல் பக்கமும் 2:1 என்று இருந்தால் அது ஒரு ஸ்டாப் வித்தியாசம் (ஒளி இரண்டு மடங்காவதை ஒரு ஸ்டாப் என்பார்கள்). சாதாரணக் குடும்பக் காட்சிக்குப் போதும். பேய்ப் படத்துக்கு 8:1, அதாவது மூன்று ஸ்டாப்பிலிருந்து ஆரம்பியுங்கள். சின்ன அறைகளில் இது வராமல் போவதற்கு முக்கியக் காரணம் வெள்ளைச் சுவர். ஒரே ஒரு லைட் வைத்தாலும் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி வந்து நிழல் பக்கத்தை நிரப்பிவிடும். லைட்டைக் குறைத்தால் முழு ஃப்ரேமும் மங்குமே தவிர, வித்தியாசம் அதிகமாகாது. நிழல் பக்கத்தில், ஃப்ரேமுக்கு வெளியே, முகத்துக்கு எவ்வளவு கிட்டே முடியுமோ அவ்வளவு கிட்டே ஒரு கறுப்புத் துணியைப் பிடியுங்கள். அந்தப் பக்கம் உடனே சரிந்து விழுவதை மானிட்டரிலேயே பார்க்கலாம்.

பின்சுவர் பளிச்சென்று தெரிந்துகொண்டே இருக்கிறதா? லைட்டை நடிகரிடம் நகர்த்துங்கள். தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நாலில் ஒன்றாகும். லைட் நடிகரிடமிருந்து 1 மீட்டரிலும் சுவர் அதே லைட்டிலிருந்து 4 மீட்டரிலும் இருந்தால், சுவரில் விழுவது நடிகர் மேல் விழுவதில் பதினாறில் ஒரு பங்குதான். நான்கு ஸ்டாப் இறக்கம், அதுவும் காசில்லாமல். லைட்டைத் தூரத்தில் வைத்து அறை முழுக்கப் பரப்பியிருந்தால் இந்த இறக்கம் கிடைக்கவே கிடைக்காது.

இன்னொன்று, என் சொந்த விருப்பம்தான்: நடிகர் மேல் லைட் வைக்காமல் அவர் போகப்போகிற இடத்தின் மேல் வையுங்கள். வெளிச்சமான அறைக்குப் போக ஓர் இருட்டுக் கூடத்தைத் தாண்ட வேண்டும் என்றால் அந்த நடையே காட்சியாகிவிடும்.

“கறுப்பில் புள்ளிகள் பொரிகின்றன, இணையத்தில் ஏற்றினால் கட்டம் கட்டமாக உடைகிறது”

இருட்டை ஷூட்டிங்கில் உண்டாக்காதீர்கள், கிரேடிங்கில், அதாவது எடுத்த பிறகு நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்யும் கட்டத்தில், உண்டாக்குங்கள். கேமராவில் அரை ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை வெளிச்சமாகவே எடுத்துக்கொண்டு, விளக்கின் ஒளி வெளுத்துப் போகாமல் மட்டும் பார்த்துக்கொண்டு, பிறகு கீழே இறக்கினால் நாய்ஸும் (அந்தப் பொரியும் புள்ளிகளும்) சேர்ந்து கறுப்புக்குள் இறங்கிவிடும். இருட்டாக எடுத்ததைப் பிறகு தூக்கினால் நாய்ஸும் கூடவே எழும்பி வரும்.

கட்டம் கட்டமாக உடைவது வேறு சிக்கல். காணொலித் தளங்கள் கோப்பைச் சுருக்கும்போது இருண்ட பகுதியின் மெல்லிய வித்தியாசங்களைத்தான் முதலில் வெட்டி எறியும். 8 பிட்டில் (நிறத்தின் படிகள் குறைவாகப் பதியும் முறையில்) எடுத்த படம் என்றால் சுவரில் ஒளி மெல்ல மங்கும் இடமெல்லாம் பட்டை பட்டையாகத் தெரியும். கேமராவில் 10 பிட் இருந்தால் அதில் எடுங்கள். எடுத்து முடித்துவிட்டீர்கள் என்றால் மெல்லிய கிரெய்ன் (ஃபிலிமில் தெரிவது போன்ற பொடிப் புள்ளிகள்) தூவுங்கள், பட்டைகள் கலைந்துபோகும். அளவு கூடினால் அதுவே சுருக்கத்தில் குழம்பாகிவிடும். ஆகவே படத்தின் மிக இருண்ட முப்பது நொடியை மட்டும் வெட்டி, யாருக்கும் தெரியாதபடி தளத்தில் ஏற்றி, ஃபோனில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

“இரவு மாதிரி இல்லை, நீலச் சாயம் ஊற்றியது மாதிரி இருக்கிறது”

இரவை நீலமாகக் காட்டும் பழக்கத்துக்கு உடம்பிலேயே ஓர் அடிப்படை உண்டு. பகலில் நம் கண் பச்சை-மஞ்சள் பகுதியில், 555 நானோமீட்டர் வாக்கில், அதிகக் கூர்மையாக இருக்கும். இருட்டில் அது 507 வாக்குக்கு, நீலத்தின் பக்கமாக நகர்கிறது. புர்கின்யே விளைவு என்பார்கள். ஆனால் இருட்டில் நடப்பது அது மட்டுமில்லை, நிறங்களே வெளிறிப்போகும். நாம் நீலத்தைச் சேர்த்துவிட்டு மற்ற நிறங்களைக் குறைக்க மறந்துவிடுகிறோம், சாயம் தனியாகத் தெரிகிறது. முதலில் சாச்சுரேஷனை (நிறச் செறிவை) இறக்குங்கள், அப்புறம் கொஞ்சமாக நீலம். ஃப்ரேமில் எங்காவது ஒரு மஞ்சள் விளக்கு இருக்கட்டும். 3200 கெல்வின் மஞ்சள் பல்பும் 5600 கெல்வின் நீல ‘நிலவொளி’யும் ஒரே அறையில் இருக்கும்போது, கேமராவின் வெள்ளைச் சமநிலையை (எந்த ஒளியை வெள்ளையாகக் கொள்வது என்ற அமைப்பை) 4300 கெல்வின் வாக்கில் வைத்தால் இரண்டும் அளவோடு விலகி நிற்கும்.

பகலில் எடுத்து இரவாக்குவது என்றால் வானம் ஃப்ரேமுக்குள் வரக் கூடாது. சூரியன் நடிகருக்குப் பின்னால் இருக்கட்டும். இங்கே மட்டும் விதிவிலக்காக இரண்டு ஸ்டாப் அளவு குறைத்து எடுங்கள்.

“பேயைப் பார்த்ததும் சிரிக்கிறார்கள்”

எப்போது சிரிக்கிறார்கள் என்று கவனியுங்கள். அலறிவிட்டு, அரை நொடி கழித்துச் சிரித்தால் அது பயம் விட்ட நிம்மதிச் சிரிப்பு, சந்தோஷமாக விட்டுவிடுங்கள். பேயைக் கண்டதும் நேராகச் சிரிப்பு வந்தால்தான் கோளாறு.

பெரும்பாலும் காரணம், பேயை அதிகமாகக் காட்டியிருப்பீர்கள். முழு உருவம், நடு ஃப்ரேம், கூர்மையான ஃபோகஸ், மூன்று நொடி. அதற்குள் பார்ப்பவர் மேக்கப்பையும் நைட்டியின் மடிப்பையும் படித்து முடித்துவிடுவார். மறுபடி ஷூட் செய்யாமலேயே இதில் பாதியைச் சரிசெய்யலாம். ஷாட்டின் நீளத்தை முதலில் எட்டு ஃப்ரேமாக வெட்டிப் பாருங்கள். 24 ஃப்ரேம் வேகத்தில் அது நொடியில் மூன்றில் ஒரு பங்கு. படத்தைப் பெரிதாக்கி, பேய் ஃப்ரேமின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கும்படி தள்ளிவையுங்கள். ஃபோகஸைக் கொஞ்சம் மழுக்குங்கள்.

இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. பேய் வருகிற இடத்தில் போட்டிருக்கும் ‘டமார்’ சத்தத்தை எடுத்துவிட்டு, அதே பேயை வேறொரு ஷாட்டின் பின்னணியில், மங்கலாக, அசையாமல் நிற்கவையுங்கள். கதாபாத்திரம் கவனிக்கவில்லை. இசையும் கவனிக்கவில்லை. பார்ப்பவர்களில் சிலர் கண்டுபிடிப்பார்கள், சிலர் தவறவிடுவார்கள். கண்டுபிடித்தவர் பக்கத்தில் இருப்பவரின் தோளைத் தட்டுவார் பாருங்கள், அதைவிடப் பெரிய எஃபெக்ட் எந்த மென்பொருளிலும் கிடைக்காது.

மறுபடி எடுக்க வாய்ப்பிருந்தால்: கீழிருந்து முகத்தில் லைட் அடிக்காதீர்கள், அது தேய்ந்துபோன வித்தை. லைட்டைத் தலைக்கு மேலே கொண்டுபோங்கள். கண் இருக்கும் குழிகள் நிழலாகிவிடும், கண்மணியில் மின்னும் அந்தச் சின்ன வெள்ளைப் புள்ளியும் காணாமல் போகும். உயிருள்ள முகத்தில் அந்தப் புள்ளியை நாம் தினமும் பார்க்கிறோம், அது இல்லாதபோது என்ன குறைகிறது என்று சொல்லத் தெரியாமல் சங்கடப்படுகிறோம். நடைக்கு: நடிகரைப் பின்னோக்கி நடக்கவைத்து எடுத்து, எடிட்டில் தலைகீழாக ஓட்டுங்கள். பாதமும் எடையும் தப்பான இடத்தில் விழும். அல்லது ஷட்டரை (ஒரு ஃப்ரேம் பதிவாகும் நேரத்தை) வழக்கமான 1/50 நொடியிலிருந்து 1/200-க்கு மாற்றுங்கள், அசைவில் மழுக்கம் போய் வெட்டு வெட்டாகத் தெரியும். பேய்க்கு மட்டும் செய்யுங்கள், மற்றவர்களுக்கு வேண்டாம்.

“ஜம்ப் ஸ்கேருக்கு யாரும் துள்ளவில்லை”

ஜம்ப் ஸ்கேர் என்றால் திடீரென்று வந்து துள்ளவைக்கும் அதிர்ச்சி. திடீர்ச் சத்தத்துக்கு உடம்பு துள்ளுவது ஒரு அனிச்சைச் செயல். கண் சிமிட்டல் 50 மில்லிநொடிக்குள்ளேயே தொடங்கிவிடும், மூளை யோசிக்கவே நேரமில்லை. ஆகவே இங்கே கலையைவிட உடம்பின் விதிகள்தான் முக்கியம். மூன்றைச் சொல்கிறேன்.

சத்தம் சட்டென்று ஏற வேண்டும். எவ்வளவு பெரிய சத்தமானாலும் அரை நொடி எடுத்து மெல்ல உயர்ந்தால் யாரும் துள்ள மாட்டார்கள். உங்கள் எஃபெக்ட்டின் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தொடக்கம் சரிவாக இருந்தால் அந்தச் சரிவை வெட்டிவிட்டு, செங்குத்தாக ஆரம்பிக்கும்படி செய்யுங்கள்.

இரண்டாவது பலருக்குத் தெரியாதது. பெரிய சத்தத்துக்குச் சுமார் 100 மில்லிநொடி முன்னால் ஒரு சின்னச் சத்தம் கேட்டால் துள்ளல் குறைந்துவிடும். உளவியல் ஆய்வகங்களில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம் இது. 24 ஃப்ரேம் வேகத்தில் அது இரண்டரை ஃப்ரேம்தான். பேய் தோன்றுவதற்குச் சற்று முன் ஒரு ‘விஷ்’, ஒரு துணி உரசல், கதவின் ‘க்ளிக்’ வைத்திருக்கிறீர்களா? உங்கள் கையாலேயே துள்ளலை அணைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கடைசி ஒரு நொடியைச் சுத்தமாக வையுங்கள்.

மூன்றாவது, ஏற்கெனவே பயந்துகொண்டிருப்பவர் அதிகமாகத் துள்ளுவார். இதுவும் சோதித்துப் பார்த்த உண்மைதான், நான் ஆரம்பத்தில் முந்தைய முப்பது நொடியைப் பாருங்கள் என்றதற்குக் காரணமும் இதுவே. 1942-ல் வந்த ‘கேட் பீப்பிள்’ படத்தில் ஒரு பெண் இரவில் தனியாக நடந்து போவாள், காலடி மட்டும் கேட்கும், திடீரென்று ஒரு பேருந்து சீறிக்கொண்டு ஃப்ரேமுக்குள் நுழையும். அந்தப் படத்தின் தயாரிப்பாளர் வால் லூட்டன் பெயரால் இந்த உத்தியை ‘லூட்டன் பஸ்’ என்றே அழைக்கிறார்கள். பேருந்தில் என்ன பயம்? ஒன்றுமில்லை. நடைதான் எல்லா வேலையையும் செய்தது.

ஒரு காட்சியைப் பிரித்துப் பார்ப்போம். இரவு, ஒருத்தி கூடத்தின் கோடியில் இருக்கும் அறைக்குப் போகிறாள். வழக்கமான எடிட் இப்படி இருக்கும்: அவள் நடக்கிறாள், 4 நொடி, கீழே இசை ஏறிக்கொண்டே வருகிறது. கை கைப்பிடியில், 1 நொடி. முகம், 1 நொடி. கதவு திறக்கிறது, பேய், டமார். இதில் ஏறும் இசை ‘இன்னும் இரண்டு நொடியில் வரப்போகிறது’ என்று எண்ணிச் சொல்கிறது. ஷாட்டுகள் வேகவேகமாக மாறுவதும் அதையே சொல்கிறது. கூடம் எவ்வளவு நீளம், கதவு எங்கே இருக்கிறது என்று ஒருமுறைகூட முழுதாகக் காட்டவில்லை.

இதையே மாற்றலாம். கூடம் முழுவதும் தெரியும் ஒரே வைடு ஷாட், கேமரா டிரைபாடில், 12 நொடி. வலது ஓரத்தில் கதவு, ஒரு சாண் திறந்திருக்கிறது. ஃப்ரேமில் பாதி இடம் காலி. இசை இல்லை, சமையலறையிலிருந்து ஃபிரிட்ஜின் உறுமல் மட்டும் மெல்லியதாக. எட்டாவது நொடியில் ஃபிரிட்ஜ் தானாக நின்றுபோகிறது. அது ஓடிக்கொண்டிருந்தது என்பதே அப்போதுதான் எல்லாருக்கும் உறைக்கும். அவள் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள், நாமும் பார்க்கிறோம், ஒன்றுமில்லை. மறுபடி அதே வைடு ஷாட். கதவு இப்போது மூடியிருக்கிறது. எந்தச் சத்தமும் போடாதீர்கள். மூன்று நொடி அப்படியே விடுங்கள். இந்த இடத்துக்கு அப்புறம் ஒரு டம்ளர் கீழே விழுந்தாலும் துள்ளுவார்கள்.

அளவு பற்றி ஒரு வார்த்தை: ஐந்து நிமிடப் படத்தில் ஒரு துள்ளல் போதும். இரண்டாவதை வைத்தால் முதலாவதைவிட அது நன்றாக இருக்க வேண்டும். அது பெரும்பாலும் முடிவதில்லை.

“எடிட் அறையில் மிரட்டிய சத்தம் ஃபோனில் காணோம்”

வயிற்றில் இறங்க வேண்டும் என்று 40 ஹெர்ட்ஸ் உறுமலைப் போட்டிருப்பீர்கள். ஃபோனின் குட்டி ஸ்பீக்கரால் அதை ஒலிக்கவே முடியாது. அந்தத் தடத்தின் மேல் லேசாக ஒலி சாச்சுரேஷன் அல்லது டிஸ்டார்ஷன் (ஒலியைக் கொஞ்சம் சிதைக்கும் எஃபெக்ட்) போடுங்கள். 80, 120, 160 ஹெர்ட்ஸ் என்று மேல் மடங்குகள் உண்டாகி, சின்ன ஸ்பீக்கருக்கு எட்டும் உயரம் வரை ஏறும். அடிச்சுரம் இல்லாவிட்டாலும் மடங்குகளைக் கேட்டு நம் மூளை அதை நிரப்பிக்கொள்ளும். அதோடு 300 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு மர முனகலோ உலோகக் கீச்சோ சேர்த்துவிட்டால் எந்தக் கருவியிலும் ஏதோ ஒன்று கேட்கும்.

மொத்தச் சத்தத்தையும் ஏற்றி வைப்பதில் லாபமில்லை. காணொலித் தளங்கள் சுமார் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (ஒலியின் சராசரி உரப்பை அளக்கும் அலகு) என்ற அளவை வைத்துக்கொண்டு, அதைத் தாண்டியதைத் தானாகவே இறக்கிவிடும். துள்ளலுக்குத் தேவை பெரிய சத்தத்துக்கும் அதற்கு முந்தைய அமைதிக்கும் உள்ள இடைவெளி. அமைதியை இறக்குங்கள்.

“இசை தொடங்கினாலே எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது”

இசைத்தடத்தை முழுவதும் ம்யூட் செய்துவிட்டுப் பாருங்கள். பல படங்களுக்குச் சிகிச்சை அங்கேயே முடிந்துவிடும்.

ஆனால் இசை போன இடத்தில் வெறும் மௌனம் வைத்தால் ஸ்பீக்கர் கெட்டுப்போனது போல இருக்கும். அங்கே ரூம் டோன் வேண்டும்: எல்லாரும் அசையாமல் நிற்க, அதே அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்தது. ஷூட்டிங் முடியும் அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது இதுதான். அதன் மேல் மூச்சு, துணி, காலடி என்று ஃபோலி (தனியாகப் பதிவு செய்து ஒட்டும் சத்தங்கள்) வையுங்கள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கிட்டே. மூச்சை மைக்கருகில் பதிவு செய்து, காலடியைத் தூரத்தில் வைத்தால் நாம் அவள் தலைக்குள் இருப்போம், வீடு வெளியே இருக்கும்.

இசை வேண்டியே தீரும் என்றால் மெட்டைத் தவிருங்கள். மனித அலறலில் சத்தம் நொடிக்கு 30 முதல் 150 தடவை வரை வேகமாகக் கூடிக் குறைகிறது, அந்தக் கரகரப்புதான் அதை அபாயச் சத்தமாக்குகிறது என்று 2015-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒரு நீண்ட வயலின் சுரத்துக்கு 70 ஹெர்ட்ஸில் ட்ரெமலோ (சத்தத்தை வேகமாகக் கூட்டிக் குறைக்கும் எஃபெக்ட்) போட்டுப் பாருங்கள், அது சுரமாகவே கேட்காது.

“கேமரா நன்றாக நகர்கிறது, ஆனால் ஒட்டவில்லை”

ஒவ்வொரு ஷாட்டிலும் இது யாருடைய பார்வை என்று கேளுங்கள். கிம்பலில் (குலுக்கலைத் தடுக்கும் கேமராத் தாங்கியில்) மிதந்து போகும் கேமரா, நீங்கள் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும், ஏதோ ஒன்று பின்தொடர்வது போலத்தான் தெரியும். படம் முழுக்க மிதந்தால் அந்த அர்த்தம் செத்துப்போகும். ஆகவே முதல் பாதியை டிரைபாடில் வைத்துக்கொண்டு, மிதப்பதைப் பேய்க்கு ஒதுக்குங்கள். முகத்தை நோக்கி மெல்ல நகரும் ஷாட் பத்து நொடியாவது எடுக்க வேண்டும். நகர்கிறது என்பதே பாதி வழியில்தான் தெரிய வேண்டும்.

ஃப்ரேம் அமைக்கும்போது, அவள் பார்க்கும் திசையில் இடம் விடுவதுதான் வழக்கம். அதைத் திருப்பிப் போட்டு, முதுகுக்குப் பின்னால் இடம் விடுங்கள். 24 எம்எம் லென்ஸில் முகத்துக்குக் கிட்டே போனால் அவளோடு சிக்கிக்கொண்டோம் என்று தோன்றும். அதே அளவு முகத்தை 85-ல் தூரத்திலிருந்து, ஒரு கதவு விளிம்பு வழியாக எடுத்தால் யாரோ அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றும். இரண்டையும் ஒரே காட்சியில் கலந்தால் இரண்டுமே தோன்றாது.

“லைட் தானாகத் துடிக்கிறது”

மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் இருக்கும் இடத்தில் விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120. மலிவான எல்இடி பட்டைகள் டிம்மரில் இறக்கும்போது இதையும் மீறித் துடிக்கும். அவற்றை முழு வெளிச்சத்தில் எரியவிட்டு, மேலே துணி போட்டு மட்டுப்படுத்துங்கள்.

ஏற்கெனவே எடுத்த ஷாட்டில் துடிப்பு இருந்து, டிஃப்ளிக்கர் மென்பொருளாலும் போகவில்லை என்றால் அந்த விளக்கைப் பழுதானதாகவே ஆக்கிவிடுங்கள். துடிப்போடு பொருந்தும்படி 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் ஒன்றைச் சேர்த்து, அடுத்த ஷாட்டில் அவளை ஒருமுறை அந்த விளக்கை நிமிர்ந்து பார்க்கவையுங்கள். அந்த ஒரு பார்வையை வேறெங்காவது எடுத்து ஒட்டினாலும் போதும்.